22 ஆல் பெருக்குகிற கணக்கு

வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று நாளுக்கு 70 டொலர் தருகிறது என்று ஒருவன் சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவன் முதலில் அதை மாதத்துக்கு 22 வேலை நாள் என்று 22 ஆல் பெருக்குவான், அப்புறம் டொலருக்கு 300 ரூபாய் என்று 300 ஆல் பெருக்குவான். நாலு லட்சத்து அறுபதாயிரம் சொச்சம் வரும். உடனே கொழும்பில் மாதம் 220,000 ரூபாய் நிரந்தரச் சம்பளத்துக்கு மாடாய் உழைக்கிற கூட்டாளி ஒருவனை நினைத்துப் பரிதாபப்படுவான். மட்டக்களப்பில் ஐ.டி. ஆட்கள் நாலு பேர் சேர்கிற இடமெல்லாம் இந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறேன். கல்லடிக் கடற்கரையில் கேட்டேன், கல்யாண வீட்டில் கேட்டேன், ஒரு செத்த வீட்டில் பந்தலுக்குள் இருந்தும் கேட்டேன். பெருக்கலில் பிழை ஒன்றும் இல்லை. எதை எதோடு வைத்து ஒப்பிடுகிறோம் என்பதுதான் எனக்கு நெடுநாளாக நெருடிக்கொண்டிருக்கிறது. நானே நாள் கணக்கில் உழைக்கிறவன் என்பதால் இந்த நெருடலைச் சும்மா தள்ளிவிடவும் முடியவில்லை.

இந்தக் காய்ச்சல் எங்களுக்கு 2022 இல்தான் பிடித்தது. அந்த வருடம் மார்ச் தொடக்கம் வரை 200 ரூபாயைச் சுற்றிப் பிடித்து வைத்திருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. டொலரில் வாங்கியவன் விரலைக்கூட அசைக்காமல் முக்கால் பங்குக்கு மேல் கூடுதலாக உழைத்தான். ரூபாயில் வாங்கியவன் அதே சம்பளத்தை வைத்துக்கொண்டு பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்றான். கொரோனாவோடு ஊருக்கு வந்தவர்களில் பலர் கொழும்புக்குத் திரும்பவே இல்லை. நான் நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு லண்டன் கொம்பனி ஒன்றுக்கு நாள் கணக்கில் வேலை செய்யத் தொடங்கியது அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான். ஆனால் அதே 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் போனது என்பதை 22 ஆல் பெருக்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். கரண்ட் இல்லாத மணித்தியாலத்தை டைம்ஷீட்டில் எழுத முடியாது. கொழும்பில் என்னோடு வேலை செய்தவர்கள் அந்த நாட்களில் இருட்டுக்குள் இருந்து புறுபுறுத்தார்கள், ஆனால் 25 ஆம் தேதி சம்பளம் விழுந்தது.

சரி, அந்த 220,000 ரூபாய்க்காரனையே எடுப்போம். வருடத்துக்கு 2,640,000. இதற்கு மேல் கொம்பனி தன் கையிலிருந்து ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஈ.ரி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்டுகிறது. அவன் கண்ணில் படாமலே வருடத்துக்கு 396,000 சேர்கிறது. 5 வருடம் பூர்த்தியானால் 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அது 110,000. ஆக மொத்தம் 3,146,000. இனி நாட்களை எண்ணுங்கள். சனி ஞாயிறு போனால் வருடத்தில் 261 நாள். போயா, பொங்கல், சித்திரை வருடப் பிறப்பு, பெருநாள், கிறிஸ்மஸ் என்று கிழமை நாட்களில் விழுகிற விடுமுறை ஒரு 20 இருக்கும். வருடாந்த லீவு 14, தற்செயல் லீவு 7, காய்ச்சல் தடிமலுக்கு ஒரு நாலைந்து. உண்மையில் அவன் வேலை செய்வது 215 நாள். பிரித்துப் பார்த்தால் நாளுக்கு 14,600 ரூபாய் வருகிறது. அதாவது அவனுக்கும் ஒரு நாட்கூலி இருக்கிறது, அதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. 70 டொலர் என்பது 21,000. இரண்டு மடங்கு என்று வாயைப் பிளந்தது, ஒன்றரை மடங்கைக்கூடத் தொடவில்லை.

அதிலிருந்தும் கழிய வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்த வேலைக்கு வங்கி வழியாக வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு முன்பு வரி இல்லை. அந்தக் காலம் 2025 மார்ச்சோடு முடிந்தது. இப்போது 18 லட்சம் கழித்து மிச்சத்துக்கு உச்சமாக 15 சதவீதம் வரை போகிறது. 220 நாள் உழைத்து 4,620,000 எடுத்தவனுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் வரி வரும். சம்பளக்காரனுக்கு ஐம்பதாயிரத்தோடு முடிந்துவிடுகிறது. லெப்டொப் உங்களுடையது. இன்வெர்ட்டரும் பற்றரியும் உங்களுடையது. மாரியில் பைபர் அறுந்தால் கைகொடுக்க இரண்டாவது இணைப்பு ஒன்று வேண்டும், அதுவும் உங்களுடையதுதான். எல்லாம் கழித்து, ஒரு கொன்ட்ராக்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் சும்மா இருக்கிற நாட்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், வருடத்தில் மூன்று மாதம் வேலை இல்லாமல் போனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஒரு மாதம் மட்டும் போனால் நாள் கணக்குக்காரன் தெளிவாக முன்னுக்கு நிற்கிறான். ஆக, நாட்கூலி வெல்லுமா என்ற கேள்வியை 'வருடத்தில் எத்தனை மாதம் சும்மா இருப்பாய்' என்று மாற்றிக் கேட்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லக் கூடியவர்கள் யாரையும் நான் சந்திக்கவில்லை.

சும்மா இருப்பது என்றால் வேலை போவது மட்டும் இல்லை. டிசம்பர் நடுப்பகுதியில் லண்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். வருடக் கடைசிக்கு வெளியாட்கள் எல்லோரும் ஜனவரி முதல் வாரம் வரை ஓய்வெடுக்கட்டும் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருப்பார்கள். ஓய்வுக்குக் காசு கிடையாது. ஜனவரியில் போய் உட்கார்ந்தால் அடுத்த கிழமையே தைப்பொங்கல். அது அவர்களுடைய காலண்டரில் இல்லை. பொங்கலுக்கு நின்று 21,000 ரூபாயை விடுவதா, பொங்கலை விட்டு வேலை செய்வதா என்ற யோசனை சம்பளக்காரனுக்கு வாழ்நாளில் வராது. எனக்கு ஒவ்வொரு பண்டிகையும் இப்போது ஒரு விலையோடு வருகிறது. அம்மா பொங்கல் பானையை இறக்கும்போது நான் மனதுக்குள் டைம்ஷீட் பார்க்கிறேன் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மாமாவின் வட்டையில்

இந்த விஷயத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த நல்ல பேச்சு ஐ.டி. ஆட்களிடமிருந்து வரவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிற என் மாமாவிடமிருந்து வந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்தவர்களுக்கு இரண்டு விதமான ஆளும் பழக்கம். நாட்கூலிக்கு வருகிறவன் ஒரு விதம். போடியார் என்கிற வயல் சொந்தக்காரரின் வயலை விதைப்பிலிருந்து சூடு அடிக்கும் வரை ஏற்றுக்கொண்டு நின்று, விளைச்சலில் பங்கு வாங்கிப் போகிற முல்லைக்காரன் இன்னொரு விதம். நான் என் வேலையை விளங்கப்படுத்தப் போய், நாள் கணக்கில் காசு, மாதக் கணக்கை விடக் கூட என்று சொன்னேன். மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்: "கூலிக்கு வந்தவன் நாலு மணிக்குப் போயிருவான் மனே. யானை ராவைக்குத்தானே வரும்?"

எனக்கு உடனே விளங்கியது. லண்டனில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் மென்பொருள் விழுந்தால் அவர்கள் என்னை எழுப்ப மாட்டார்கள். எழுப்பினால் காசு கொடுக்க வேண்டும். தங்கள் நிரந்தர ஆளை எழுப்புவார்கள். அவன் திட்டிக்கொண்டே எழும்புவான். ஆனால் அந்த ராத்திரி அந்த மென்பொருளைப் பற்றி அவன் கற்றுக்கொள்வதை நான் ஒருபோதும் கற்கப் போவதில்லை. அடுத்த வருடம் அதை எப்படி மாற்றிக் கட்டுவது என்று பேசும் கூட்டத்துக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். என்னிடம் வருவது, முடிவெடுத்துத் துண்டு போட்ட வேலை. காசு நல்ல காசுதான். ஆனால் முதல் நாலைந்து வருடம் இப்படித் துண்டு வேலையே செய்தவர்களை நேர்முகத்தில் பார்த்தால் சட்டென்று தெரியும், எதையும் முழுசாகக் கட்டி, அது உடைவதையும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு நேரே டொலர் நாட்கூலிக்குப் போகப் பார்க்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், பொறாமையில் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

அதற்காக முல்லைக்காரனின் வாழ்க்கை சொர்க்கம் என்று மாமாவே சொல்ல மாட்டார். பஞ்சமான மாதங்களில் போடியாரிடம் நெல்லும் காசும் முன்பணமாக வாங்குவது, அறுவடையில் கழிப்பது, வெள்ளம் அடித்த வருடம் கழிக்க முடியாமல் அடுத்த போகத்துக்கும் அதே வயலில் நிற்பது என்று அதற்கும் ஒரு கட்டு இருந்தது. பயிற்சி தந்தோம், இரண்டு வருடம் விலகக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிற கொழும்புக் கொம்பனிகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். நாலரை வருடம் முடிந்தவன் பணிக்கொடைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு மாதம் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். நிரந்தரம் என்பது அவனைப் பிடித்து வைப்பதற்காகச் செய்த ஏற்பாடும்தான்.

பைலில என்னத்த வைக்கிற?

இதெல்லாம் கணக்கும் பேச்சும். என் எண்ணத்தை உண்மையில் புரட்டிப் போட்டது ஒரு வங்கி மேசை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குச் சீதனம். இதை மட்டக்களப்பு ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு வரத் தொடங்கும்போது கூரை ஏறியிருக்க வேண்டும், அண்ணன் உழைக்கிறான் என்றால் அது அண்ணனின் பொறுப்பு. காணி இருந்தது, அத்திவாரம் இருந்தது, கையில் கொஞ்சம் இருந்தது. மிச்சத்துக்கு வீட்டுக் கடன் கேட்டு, வழக்கமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போனேன். என் கணக்கில் எவ்வளவு வந்து போகிறது என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் இது அரை மணித்தியால வேலை என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

முகாமையாளர் நல்ல மனிதர். தேத்தண்ணி வரவழைத்தார். கடந்த மாதங்களின் கணக்குக் கூற்றை எடுத்து விரித்தார். ஒரு மாதத்தில் இரண்டு தடவை காசு வந்திருக்கிறது, இன்னொரு மாதம் வெறுமை. இன்வொய்ஸ் அனுப்பி 30 நாளுக்குள் கட்டுவது அவர்கள் வழக்கம், 30 நாள் சில வேளை 40 ஆகும், அடுத்ததோடு சேர்ந்தும் வரும் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். நியமனக் கடிதம் இருக்கிறதா? நிரந்தரமாக்கிய கடிதம்? சம்பளச் சிலிப்? ஈ.பி.எஃப். இலக்கம்? ஈ.பி.எஃப். பழைய கொம்பனியோடு நின்றுவிட்டது என்றேன். என் கையில் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஓர் ஒப்பந்தம். அதில் எந்தப் பக்கமும் 7 நாள் அறிவித்தலில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அந்த வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க உழைக்கிறது எனக்கு விளங்குது. என்னைவிடக் கூட உழைக்கிறீங்க. ஆனா பைலில நான் என்னத்த வைக்கிற?"

கோபம் வந்தது என்று சொல்ல முடியாது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 25 வருடத்தில் திருப்பித் தருகிறேன் என்று, 7 நாள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழி சொன்னார். கேட்ட தொகையில் பாதிக்குக் கிட்ட, அதிக வட்டியில், தனிநபர் கடனாகத் தரலாம். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்கள் பிணை நிற்க வேண்டும்.

இரண்டு பேரில் ஒருவர் என் பெரியம்மாவின் மகள். படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா. படிவத்தைக் கொண்டு போய்க் கொடுத்தேன். என் நாட்கூலியை எப்படியோ தெரிந்து வைத்திருந்தா. "உன்ட நாலு நாள் காசுதான் என்ட மாதச் சம்பளம். நான் உனக்குப் பிணையா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டா. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் சிரிப்பு வரவில்லை. மண்முனைப் பாலத்தில் வரும்போது அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப ஓடியது. அக்காவின் சம்பளம் சிறியது, ஆனால் அது ஊர் முழுக்கச் செல்லும். வங்கிக்குப் போனால் செல்லும், நகைக்கடையில் தவணைக்குச் செல்லும், கல்யாணத் தரகரிடம் செல்லும், இன்னொருவரின் கடனுக்குக்கூடச் செல்லும். அவ ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வூதியமாக வந்துகொண்டிருக்கும். என் காசு செலவழிக்கும் இடத்தில் மட்டும்தான் செல்லும்.

ஐ.டி.க்காரர்களின் கணக்கில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை. நானும் அன்று வரை போட்டிருக்கவில்லை. நிரந்தரச் சம்பளத்தில் இருந்து 10 வருடம் ஈ.பி.எஃப். கட்டியவன் வீட்டுக்கென்று அதிலிருந்து 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். அது போக, வீட்டுக் கடனுக்கும் அதிக வட்டித் தனிநபர் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை வருடங்களுக்கு விரித்துப் பார்த்தால், 21,000 இல் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. நாட்கூலியில் கூடுதலாக வருவதை நான் இப்போது வருமானம் என்று நினைப்பதில்லை. லீவு, காப்புறுதி, பணிக்கொடை, கடனுக்கான நம்பிக்கை என்று கொம்பனி வாங்கித் தந்துகொண்டிருந்த சாமான்களை நீயே வாங்கிக்கொள் என்று கையில் வைத்த காசு அது. இதில் நம்பிக்கை மட்டும் எந்தக் கடையிலும் விலைக்கு இல்லை.

லண்டன் மச்சானும் கல்முனைத் தம்பியும்

என் மச்சான் லண்டனில் நெடுங்காலமாக நாள் கணக்கில் வேலை செய்தவர். அங்கே நாட்கூலி பவுணில் மூன்று இலக்கம். தன் பெயரில் ஒரு சிறு கொம்பனி வைத்து அதன் மூலம் காசு வாங்கினால் வரியும் குறைவு. இதைத் தடுக்கத்தான் அங்கே 2000 ஆம் ஆண்டில் ஐ.ஆர். 35 என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். நடுவில் உள்ள அந்தச் சிறு கொம்பனியை எடுத்துவிட்டுப் பார்; ஊழியன் மாதிரித்தான் வேலை செய்கிறாய் என்றால் ஊழியன் மாதிரி வரி கட்டு என்பதுதான் விதி. உனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாமா, எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்கள், உனக்கு வேலை தர அவர்களுக்கும் அதைச் செய்ய உனக்கும் கடமை உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். 2021 ஏப்ரலில் இருந்து இதைத் தீர்மானிக்கிற பொறுப்பு தனியார் துறையிலும் பெரிய, நடுத்தர நிறுவனங்களின் தலையில் விழுந்தது. பயந்துபோய்ப் பலர் சொந்தக் கொம்பனிக்காரர்களை எடுப்பதையே விட்டார்கள். மச்சான் அம்பிரல்லா கொம்பனிக்குள், அதாவது ஒப்பந்தக்காரர்களைத் தன் ஊழியராகப் பதிந்து சம்பளம் போடுகிற இடைக் கொம்பனிக்குள், போனார். அங்கே முதலாளி கட்ட வேண்டிய தேசிய காப்புறுதிக் கட்டணமும் அவருடைய நாட்கூலியில் இருந்தே கழிகிறது. 2025 ஏப்ரலில் அது 15 சதவீதமாகவும் ஏறியது. கடைசியில் நிரந்தர வேலைக்கே போய்விட்டார். போனில் கேட்டபோது, "மச்சான், லீவு போட்டா காசு வருது" என்று ஏதோ அதிசயத்தைக் கண்ட மாதிரிச் சொன்னார்.

அங்கே அந்த விதியை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் நீ உண்மையில் ஊழியனா என்று ஒரு சட்டமாவது கேட்கிறது. எங்களிடம் வருகிற வெளிநாட்டு ஒப்பந்தங்களை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. உள்ளூர்க் கொம்பனி ஒன்று உங்களை வேலைக்கு வைத்துக்கொண்டு கொன்ட்ராக்ட் என்று பெயர் சூட்டினாலும் ஈ.பி.எஃப். கட்டத்தான் வேண்டும். 15 பேருக்குக் குறையாத இடமென்றால், ஒழுக்கக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்த உங்கள் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இலங்கையில் ஓர் அறைகூட இல்லாத கொம்பனியை இந்தச் சட்டங்கள் எதுவும் எட்டாது.

கல்முனையில் இருந்து எனக்குத் தம்பி முறையான ஒருவன் போன மாதம் ஒரு ஒப்பந்தத்தை அனுப்பி, பார்த்துச் சொல்லச் சொன்னான். அவுஸ்திரேலியக் கொம்பனி. சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று தலைப்பு. மாதம் 1,000 டொலர், நாள் கணக்கு இல்லை. அவர்களுடைய நேரத்துக்கு வேலை, அதாவது விடியற்காலை 4.30 க்கு லெப்டொப்பைத் திறக்க வேண்டும். லீவுக்கு முன்கூட்டி அனுமதி, அனுமதித்த லீவுக்கும் சம்பள வெட்டு. வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. எந்த நேரமும் முன்னறிவித்தல் இன்றி நிறுத்தலாம். இதை நாட்கூலியா சம்பளமா என்று கேட்டால் இரண்டும் இல்லை. நாட்கூலிக்காரனுக்கு உள்ள உயர்ந்த விலையும் சுதந்திரமும் இதில் கிடையாது, சம்பளக்காரனுக்கு உள்ள பாதுகாப்பும் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற கொன்ட்ராக்டுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த ஜாதிதான். நாட்கூலி பெரிதா சம்பளம் பெரிதா என்று கடற்கரையில் வாதாடுகிறவர்களில் பாதிப் பேரிடம் இருப்பது இந்த மூன்றாவது சாமான்.

அவனிடம் சொன்னேன்: வேறு வேலை செய்யக் கூடாது என்றால் 30 நாள் அறிவித்தல் கேள், சம்பளத்தோடு லீவு கேள். இரண்டும் மாட்டோம் என்றால் அந்தத் தடையை எடுக்கச் சொல்லி, காசைக் கூட்டிக் கேள். பயந்து பயந்து எழுதினான். 30 நாள் அறிவித்தலும் வருடத்துக்கு 12 நாள் லீவும் தந்தார்கள், காசில் ஒரு டொலர் கூட்டவில்லை. நான் என்றால் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன், கொழும்பில் ஒரு நல்ல இடத்தில் இன்னும் மூன்று வருடம் இருந்திருப்பேன். அவன் வைத்துவிட்டான். கேட்டதற்கு, தங்கச்சி இப்போதுதான் ஓ.எல். சோதனை எடுக்கிறாள், வீட்டு லோனுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கு அண்ணே என்கிறான்.